இக்னிஷன் பார்ட் மாத்தின பிறகு சிக்னல் குழம்புதா? எர்த்தா, பிளக் வயரா, அடாப்டரா, பழைய பார்ட்டா, எதுல கை வெக்கறது

புது இக்னிஷன் காயில் (பிளக்குக்கு வேண்டிய ஹை வோல்டேஜை உண்டாக்கறது) போட்டாச்சு, இல்ல பாயின்ட்டை (காயில் கரன்ட்டை வெட்டி விடற பழைய சுவிட்ச்) தூக்கிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டியாச்சு, இல்ல தனியா ஒரு சிடிஐ பாக்ஸே (கெப்பாசிட்டர்ல சேத்து வெச்சு ஒரே அடியா காயிலுக்கு விடற பெட்டி) வெச்சாச்சு. வண்டி ஸ்டார்ட் ஆகுது, பிக்கப்பும் நல்லாதான் இருக்கு, ஆனா ஆர்பிஎம் மீட்டர் முள்ளு மட்டும் செத்துக் கிடக்கு, இல்ல இஷ்டத்துக்கு ஆடுது, ரேடியோல கிர்ர்னு ஒரு சத்தம் ஆக்சிலரேட்டரோட சேந்து ஏறுது, புது மாடல் வண்டின்னா கொஞ்ச நாள்லயே செக் இன்ஜின் லைட்டும் வந்துடுது. இந்த இடத்துல நிறைய பேர் உடனே ஒரு டேக்கோ (அதாவது ஆர்பிஎம் மீட்டர்) அடாப்டரோ, மின் இரைச்சலை வடிகட்டற நாய்ஸ் ஃபில்டரோ ஆர்டர் போட்டுடறாங்க. இன்னும் சில பேர் வெறுத்துப் போய் எல்லாத்தையும் கழட்டி பழசையே மாட்டிடறாங்க. நடுவுல இன்னும் ரெண்டு வழி இருக்கு, பவரையும் எர்த்தையும் சரி பண்றது, பிளக் வயர் பிளக் ரெண்டையும் சரியான ரகத்துக்கு மாத்தறது. இந்த நாலுல எதுக்கு முதல்ல போகணும்னுதான் எழுதறேன்.

என் ஓட்டு எதுக்குன்னு முன்னாடியே சொல்லிடறேன். தொந்தரவு கிளம்பற இடத்துலயே அதை நிறுத்தணும். மீட்டர் பக்கத்துல ஃபில்டர் மாட்டறது கூரை ஒழுகும்போது கீழ பாத்திரம் வெக்கற மாதிரி, மீட்டர் நனையாது அவ்வளவுதான், அதே தொந்தரவு, இன்ஜின் சுத்தறதைப் படிக்கற கிராங்க் சென்சார் வயருக்கும், இன்ஜினோட கம்ப்யூட்டரான இசியூவுக்கும் போய்ட்டேதான் இருக்கும். ஆனா அடாப்டர் மட்டுமே தீர்வா இருக்கற கேஸும் உண்டு, அதுல எர்த்தை எவ்வளவு சுரண்டினாலும் ஒண்ணும் ஆகாது. அதனால முதல்ல கோளாறு எந்த ரகம்னு பிரிக்கணும், அதுக்கு மீட்டர் முள்ளையே கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா போதும்.

பழைய ரக வண்டில ஆர்பிஎம் மீட்டர் காயிலோட நெகட்டிவ் முனைல இருந்துதான் சிக்னல் எடுக்குது. பாயின்ட் திறக்கற ஒவ்வொரு தடவையும் அந்த முனைல 12 வோல்ட் இல்ல, 200ல இருந்து 400 வோல்ட் வரைக்கும் ஒரு துள்ளல் வரும், மீட்டர் அதைத்தான் எண்ணுது. நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு துள்ளல், ஆறுக்கு மூணு, எட்டுக்கு நாலு. அதாவது நாலு சிலிண்டர்ல 3000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 100 பல்ஸ். இந்தக் கணக்கு மனசுல இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா முள்ளு ஆடாம அசையாம ஆனா சரியா பாதியோ கால்வாசியோ ரெண்டு மடங்கோ காட்டுதுன்னா அது நாய்ஸே கிடையாது, எண்ணிக்கைப் பொருத்தம் இல்ல. உதாரணத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரை (ஒரே காயிலோட ஸ்பார்க்கை எல்லா பிளக்குக்கும் பிரிச்சு அனுப்பறது) தூக்கிட்டு ஒரு பிளக்குக்கு ஒரு காயில்னு மாத்தி, அதுல ஒரு காயில்ல இருந்து மட்டும் மீட்டருக்கு வயர் இழுத்தா, அந்தக் காயில் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கும், நாலு சிலிண்டர் மீட்டர் 3000க்குப் பதிலா 750ன்னு காட்டும். ரெண்டு சிலிண்டருக்கு ஒரு காயில்னு வர்ற வேஸ்டட் ஸ்பார்க் ரகத்துல அதே மாதிரி எடுத்தா பாதி, 1500 காட்டும். இதுக்கு ஃபில்டர் வாங்கினா அது வெட்டிச் செலவு. மீட்டர் பின்னாடி சிலிண்டர் செலக்ட் பண்ற சுவிட்ச் இருந்தா அதை மாத்தணும், இல்லன்னா எல்லா காயில் சிக்னலையும் சேத்து ஒண்ணாக்கித் தர்ற அடாப்டர் வேணும், இல்ல இசியூவுல டேக்கோ அவுட்புட் இருந்தா அங்க இருந்து எடுத்து அதுக்கேத்த மாதிரி செட் பண்ணணும்.

முள்ளு ஒரே அடியா பூஜ்யத்துல படுத்துக் கிடந்தா அது வேற கதை. சிடிஐ பாக்ஸ் போட்டவங்களுக்கு இது ரொம்ப சகஜம். சிடிஐல காயிலோட ரெண்டு முனையும் பாக்ஸுக்கு மட்டும்தான் சொந்தம், 400 வோல்ட்டுக்கு மேல அங்க போய்ட்டு வருது, எம்எஸ்டி 6ஏ மாதிரி பாக்ஸ்ல சுமார் 3000 ஆர்பிஎம் வரைக்கும் ஒரே பவர் ஸ்ட்ரோக்குக்கு பல ஸ்பார்க் வேற அடிக்கும். அந்த முனைல பழைய மீட்டர் வயரை அப்படியே விட்டா ஒண்ணு மீட்டர் தப்பா காட்டும், இல்ல மீட்டர் எரிஞ்சு போகும், டெஸ்ட் லேம்ப்பைக் கூட அங்க வெக்கக் கூடாது. பாக்ஸுலயே மீட்டருக்குன்னு தனி முனை இருக்கும், அதுல 12 வோல்ட் சதுர அலை வரும், புது மீட்டர்னா அதுவே போதும். பழைய மீட்டர் பல அந்த 12 வோல்ட்டைக் கண்டுக்காது, அதுக்கு அந்தப் பெரிய துள்ளல்தான் வேணும். அடாப்டர் நியாயமா தேவைப்படற இடம் இதுதான். அது வெறும் ஃபில்டர் இல்ல, சின்ன பல்ஸை வாங்கி மீட்டருக்குப் புரியற பல்ஸா மாத்திக் குடுக்குது. வாங்கறதுக்கு முன்னாடி பாக்ஸை எது ட்ரிக்கர் பண்ணுதுன்னு, அதாவது எது இப்ப ஸ்பார்க் அடின்னு சொல்லுதுன்னு பாத்துக்கணும், மேக்னெடிக் பிக்கப்புக்கு (காந்த சென்சார்) ஒரு அடாப்டர், பாயின்ட்லயோ ஆம்ப்ளிஃபயர் (எலக்ட்ரானிக் மாட்யூல்) வயர்லயோ ட்ரிக்கர் ஆகறதுக்கு வேற அடாப்டர், மாத்தி வாங்கினா முள்ளு அப்பவும் எழுந்திருக்காது.

இதுலயே இன்னொரு ரகம், பழைய பிரிட்டிஷ் வண்டிங்கள்ல வர்ற ஸ்மித்ஸ் மீட்டர். டயலோட அடில பொடி எழுத்துல ஆர்விஐன்னு ஆரம்பிக்குதா, ஆர்விசின்னு ஆரம்பிக்குதான்னு பாருங்க. ஆர்விசி வோல்டேஜைப் படிக்கும், ஆர்விஐ கரன்ட்டைப் படிக்கும். ஆர்விஐயோட முதுகுல ஒரு வெள்ளை வயர் வளையமா போய்ட்டு வரும், காயிலுக்குப் போற மொத்த கரன்ட்டும் அந்த வளையம் வழியா போனாத்தான் அது எண்ணும். இப்ப பாருங்க, எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு நல்ல பவர் குடுக்கணும்னு ரிலே வெச்சு பேட்டரில இருந்து நேரா காயிலுக்கு வயர் இழுத்தீங்கன்னா, வளையத்துல கரன்ட்டே போகாது, நல்லது பண்ணப் போய் மீட்டர் செத்துடும். இந்த மீட்டர் இருக்கறவங்களுக்கு அடாப்டரை விட மீட்டர் உள்ள இருக்கற சர்க்யூட்டை வோல்டேஜ் ரகத்துக்கு மாத்திக்கறதுதான் சரின்னு நினைக்கறேன், வெளில பாக்க டயல் அப்படியேதான் இருக்கும், அதுக்கப்புறம் காயில் நெகட்டிவ்ல இருந்து நிம்மதியா எடுத்துக்கலாம். சிடிஐ வெச்சிருந்தா மட்டும் அப்பவும் பாக்ஸோட டேக்கோ முனைல இருந்துதான் எடுக்கணும்.

மூணாவது, முள்ளு ஆடற கேஸ். ஐடிலிங்ல ஒழுங்கா இருந்துட்டு 3000 தாண்டினா குதிக்குது, ஹெட்லைட் போட்டா குதிக்குது, இல்ல இன்ஜின் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்குது. ஆளுங்க அதிகமா பணத்தை விடறது இதுலதான், ஏன்னா காரணம் ரெண்டு மூணு கலந்து வரும். இங்கதான் அடாப்டரைக் கடைசிக்குத் தள்ளிட்டு எர்த், பவர், பிளக் வயர்னு வரிசையா போகணும்னு அடிச்சுச் சொல்வேன்.

முதல்ல எர்த். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, கிளாம்புல இல்ல, அந்த ஈயக் கம்பத்துலயே அழுத்திப் பிடிங்க, சிவப்பு முனையை புது மாட்யூலோட எர்த் ஸ்க்ரூல வைங்க, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி, 0.5க்கு மேல போச்சுன்னா அந்த எர்த் எர்த்தே இல்ல. அதே மாதிரி இன்ஜின் பிளாக்குலயும் பாடிலயும் ஒரு தடவை பாருங்க. வோல்டேஜ் டிராப் பாக்காம வெறும் ஓம் வெச்சுப் பாத்து எர்த் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 0.1 ஓம்னு காட்டிடும், ஆனா கரன்ட் இழுக்கும்போது அந்த இழையால தாங்க முடியாது. பெரும்பாலும் காரணம் என்னன்னா மாட்யூலை பெயின்ட் அடிச்ச ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) ஸ்க்ரூ போட்டு முறுக்கி அதுவே எர்த்னு விட்டிருப்பாங்க. பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு, தனியா ஒரு வயர் இன்ஜின் பிளாக்குக்கோ பேட்டரி நெகட்டிவுக்கோ இழுத்துட்டா பல வண்டில ஆட்டம் அங்கயே நின்னுடும். செலவுன்னு பாத்தா ஒரு முழ வயர், இந்த நாலு வழியிலயும் இதைவிட மலிவு எதுவும் இல்ல, பிடிக்கலைன்னா திரும்பக் கழட்டிடலாம், அதனாலதான் இது முதல் இடம்.

அடுத்து பவர். பாயின்ட் காலத்து வண்டில காயிலுக்கு முன்னாடி ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், பீங்கான் கட்டி மாதிரியும் இருக்கலாம், சில வண்டில வயரே ரெசிஸ்டரா இருக்கும், அதைக் கண்ணால பாத்தா சாதா வயர் மாதிரிதான் தெரியும். இன்ஜின் ஓடும்போது காயிலுக்கு 7ல இருந்து 9 வோல்ட்தான் போகணும்னு அப்படி வெச்சிருக்காங்க. எலக்ட்ரானிக் மாட்யூலோட சிவப்பு வயரைக் கொண்டு போய் காயில் பாசிட்டிவ்லயே சொருகிட்டா அதுக்கும் அதே 7 வோல்ட்தான் கிடைக்கும், குளிர்ந்த இன்ஜின்ல ஓடும், சூடானதும் லைட் போட்டதும் துவண்டுடும், சிக்னல் விட்டு விட்டு வரும். மாட்யூலுக்கு ரெசிஸ்டருக்கு முன்னாடி இருந்து முழு 12 வோல்ட் எடுக்கணும். காயிலுக்கு ரெசிஸ்டர் வேணுமா வேணாமாங்கறது தனி விஷயம், அது அந்தக் காயிலோட பிரைமரி (12 வோல்ட் பக்கத்துச் சுத்து) எத்தனை ஓம், மாட்யூலுக்குக் குறைஞ்சது எத்தனை ஓம் வேணும்னு ரெண்டையும் வெச்சுதான் முடிவு பண்ணணும். 3 ஓம் காயில் கேக்கற மாட்யூல்ல 0.6 ஓம் காயிலை மாட்டினா சிக்னல் கோளாறோட நிக்காது, மாட்யூலே வெந்து போகும்.

பவர் எடுக்க ரிலேவா நேர் வயரான்னு கேட்டா, சாவி சுவிட்ச் பழசாயிருந்தா ரிலே நல்லது, ஃபியூஸோட, உள்ளயே டயோட் வெச்ச ரிலேவா பாத்து. சுவிட்ச் நல்லா இருந்தா நேர் வயரே போதும், கூட ஒரு ரிலேன்னா கூட ஒரு கோளாறு இடம்தான். இன்னொண்ணு, பாக்ஸ் மாட்டின பிறகு சாவியை ஆஃப் பண்ணாலும் இன்ஜின் நிக்காம ஓடுதுன்னு பயந்துடறாங்க. ஆல்டர்னேட்டரோட சார்ஜிங் லைட் வயர் வழியா ஒரு சின்ன கரன்ட் திரும்பி வந்து பாக்ஸை முழிப்பாவே வெச்சிருக்கு, அவ்வளவுதான், அந்த லைட் வயர்ல ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கரன்ட் போற மாதிரி ஒரு டயோட் போட்டா நின்னுடும், பாக்ஸை மாத்த வேண்டியதில்ல.

இப்ப பிளக்கும் வயரும். ஸ்பார்க் தாவற அந்தக் கணத்துல கிளம்பற ரேடியோ அலைதான் ரேடியோல கேக்கறதும் சென்சார் வயர்ல ஏறறதும். அதை அமுக்கத்தான் வயருக்குள்ளயும் பிளக்குக்குள்ளயும் ரெசிஸ்டன்ஸ் வெச்சிருக்காங்க. பர்ஃபாமென்ஸ் வயர்னு சொல்லி முழு செம்புக் கம்பி வயரை மாட்டினா அமுக்கறதுக்கு ஆளே இல்ல, எலக்ட்ரானிக் இக்னிஷன் தயாரிக்கறவங்க பலபேர் அந்த வயரைப் போடவே வேணாம்னு மேனுவல்லயே எழுதியிருக்காங்க. இருக்கற ரகங்கள்ல கார்பன் வயர் ஒரு அடிக்கு ஆயிரக்கணக்கான ஓம் வரைக்கும் இருக்கும், நல்லா அமுக்கும், ஆனா வளைச்சு வளைச்சு இழுத்தா உள்ள அறுந்துடும். ஸ்பைரல் வயர்ல மெல்லிய கம்பியைச் சுருள் சுருளா சுத்தியிருக்கும், அடிக்கு 50ல இருந்து சில நூறு ஓம்தான், ஆனா அந்தச் சுருளே அலையைத் தடுக்குது, ரொம்ப நாள் உழைக்கும். எனக்கு ஸ்பைரல்தான் பிடிக்கும், குறிப்பா சிடிஐ பாக்ஸோட.

பிளக்குல ரெசிஸ்டர் இருக்கான்னு பாக்க அதோட நம்பரைப் படிச்சா போதும், என்ஜிகேன்னா பிபி6இஎஸ்ல ரெசிஸ்டர் இல்ல, பிபிஆர்6இஎஸ்ல இருக்கு, நடுவுல வர்ற அந்த ஆர் எழுத்துதான் அடையாளம், உள்ள சுமார் 5000 ஓம். ரெசிஸ்டர் பிளக் போட்டா ஸ்பார்க் பலம் குறையும்னு ஒரு பேச்சு சுத்திட்டே இருக்கு. ஸ்பார்க் தாவற வரைக்கும் கரன்ட்டே ஓடறதில்ல, கரன்ட் ஓடாத இடத்துல ரெசிஸ்டர் வோல்ட்டை எடுக்க முடியாது, தாவறதுக்கான வோல்டேஜ் அப்படியே முனைக்குப் போய்ச் சேந்துடும். தாவின பிறகு கொஞ்சம் இழப்பு இருக்கு, ரோட்ல ஓட்டற வண்டில அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதுக்கு பயந்து ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் செம்பு வயரும் போட்டுட்டு அப்புறம் ஃபில்டர் தேடறது எதுக்குன்னு கேக்கறேன்.

வயர் ஓடற பாதையும் முக்கியம். பிளக் வயரும் சென்சார் வயரும் பக்கத்துப் பக்கத்துல சேத்து டை போட்டுக் கட்டியிருந்தா பிரிங்க, குறுக்க போகணும்னா நேர் குறுக்கா 90 டிகிரில தாண்டட்டும். எந்த வயர் கசியுதுன்னு தெரியணும்னா ஒரு சின்ன ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சு, இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் போகாம வயருங்க மேல மெதுவா நகத்திட்டே போங்க, டிக் டிக் சத்தம் எங்க திடீர்னு பெருசாகுதோ அந்த வயர், இல்ல அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இல்ல வயர் முனைல இருக்கற அந்த ரப்பர் பூட்தான் கசியுது. கையால மட்டும் தொடாதீங்க, பல்லாயிரம் வோல்ட் அது, பேஸ்மேக்கர் வெச்சிருக்கறவங்க பானெட் பக்கமே வர வேணாம்.

இசியூ இருக்கற வண்டிக்கு இதோட முடியாது. கிராங்க் சென்சார் ரெண்டு வயர் ரகம்னா அது தானே சின்ன ஏசி சிக்னல் உண்டாக்குது, செல்ஃப் அடிக்கற வேகத்துல அது ரொம்ப பலவீனமா இருக்கும், நாய்ஸ் சுலபமா மூழ்கடிச்சிடும். மாத்து சென்சார் போடும்போது ரெண்டு வயரும் இடம் மாறினா இன்ஜின் ஓடினாலும் டைமிங் தள்ளிப் போகும், இதை ஃபில்டரால சரி பண்ணவே முடியாது. ஷீல்டு வயர்னா அந்த ஷீல்டை ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணணும், ரெண்டு முனையும் பண்ணா அந்த ஷீல்டுலயே கரன்ட் ஓட ஆரம்பிச்சிடும். இசியூவைப் படிக்கற ஸ்கேனரைப் போட்டு செல்ஃப் அடிக்கும்போது லைவ் ஆர்பிஎம் பாருங்க, பூஜ்யமாவே இருந்தா சிக்னலே வரல, 200 பக்கம் சீரா இருக்காம 0, 900, 150ன்னு குதிச்சா நாய்ஸா இருக்கலாம், இல்லன்னா லூஸ் கனெக்‌ஷன்.

ஸ்கேனர்ல பி0351ல ஆரம்பிக்கற ஃபால்ட் கோடு (கோளாறு எண்) வந்தா காயில் சர்க்யூட், பி0301, பி0302ன்னு வந்தா அந்தந்த சிலிண்டர் மிஸ்ஃபயர். பி0302 வந்திருந்தா ரெண்டாவது சிலிண்டர் காயிலையும் மூணாவதோடதையும் இடம் மாத்தி மாட்டுங்க, கோடும் கூடவே பி0303க்கு மாறுச்சுன்னா காயில்தான், மாறலைன்னா பிளக்கையும் வயரிங்கையும் இன்ஜெக்டரையும் பாக்கணும். டொயோட்டால வர்ற நாலு வயர் காயில் ஸ்பார்க் அடிச்சதும் அடிச்சேன்னு இசியூவுக்குத் திரும்ப ஒரு சிக்னல் அனுப்பணும், அது வரலைன்னா இசியூ பெட்ரோலையே நிறுத்திடும். மாத்து காயில் அந்தச் சிக்னலைச் சரியா அனுப்பலைன்னா எர்த்தும் பிளக்கும் பாத்துட்டு உக்காந்திருக்க வேணாம், அந்தக் காயிலைக் கழட்டி அந்த வண்டிக்கான காயிலைப் போடறது ஒண்ணுதான் வழி.

அப்ப பழசுக்கே திரும்பறது எப்ப சரி? தினமும் ஓட்டற வண்டி, ஸ்டாக் இன்ஜின், கம்ப்ரஷனோ டர்போவோ எதுவும் ஏத்தலைன்னா, நல்ல கண்டிஷன்ல இருக்கற கம்பெனி காயிலும் ரெசிஸ்டர் பிளக்குமே அந்த இன்ஜினுக்குத் தாராளம், சிடிஐ பாக்ஸால பெருசா வித்தியாசம் தெரியப் போறதில்ல, அப்படிப்பட்டவங்க எர்த், பவர், வயர் மூணும் பாத்தும் சரியாகலைன்னா திரும்பிடறதே நல்லது. பாயின்ட்ல இருந்து எலக்ட்ரானிக்குக்கு மாறினவங்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன், பாயின்ட் தேயறதும் அதோட இடைவெளி மாறறதும் அடிக்கடி வர்ற வேலை, அதுக்குத் திரும்பறதை விட ஒரு நாள் உக்காந்து பவர் வயரைச் சரி பண்றது மேல். திரும்பறதுன்னு முடிவு பண்ணா ஒண்ணொண்ணா திரும்புங்க, முதல்ல வயர், ஓட்டிப் பாத்து அப்புறம் காயில், அப்புறம் மாட்யூல், ஆனா நான் மேல சொன்ன காயில் மாட்யூல் ஓம் கணக்கு கெடாம, அப்பதான் எந்தப் பார்ட் தகராறுன்னு தெரியும், மத்ததை வெச்சுக்கலாம்.

எதைச் செஞ்சாலும் சரியாச்சான்னு பாக்கறது குளிர்ந்த இன்ஜின்ல ஐடிலிங்ல இல்ல. நல்லா சூடானதும் ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர் எல்லாம் ஆன்ல வெச்சு 3000க்கு மேல கொஞ்ச நேரம் பிடிச்சுப் பாருங்க. அப்பவும் முள்ளு ஆடுதுன்னா மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல போட்டு பேட்டரி முனைல பாருங்க, 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டர் டயோட் போயிருக்கு, நீங்க மாட்டின இக்னிஷன் பார்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். அதுவும் சரியா இருந்தா ஆஸிலோஸ்கோப் (வோல்டேஜ் அலையைப் படமா காட்டற கருவி) இருக்கற எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க, மல்டிமீட்டர் சராசரி காட்டும், செகண்டுக்கு 100 பல்ஸ்ல எந்த ஒண்ணு விடுதுன்னு அதுல தெரியாது. காயில் முனைல பாக்கறப்ப வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கற அட்டென்யூவேட்டர் போட்டுத்தான் பாக்கணும், அந்த 400 வோல்ட் நேரா உள்ள போனா ஸ்கோப் காலி.